120 மி.மீ. மின் மலைச் சைக்கிள்: கல் இறக்கத்தில் ‘டொக்’ சத்தம். வைத்துக்கொள்ளலாமா, திருப்பிவிடலாமா?

மேடுபள்ளம்:
வணக்கம். முதல் முறையாக மோட்டார் வைத்த மலைச் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். ஆரம்ப நிலை மாடல்தான். முன்னால் 130, பின்னால் 120 மி.மீ. டிராவல் (சக்கரம் மேலே அமுங்கக்கூடிய தூரம்), 29 அங்குலச் சக்கரம், கிராங்க் பக்கத்திலேயே மோட்டார், 500 வாட்-அவர் பேட்டரி, இரண்டு பிஸ்டன் பிரேக், இரண்டு பக்கமும் 180 மி.மீ. ரோட்டர் (பிரேக் தட்டு). சைக்கிள் 24 கிலோ. நான் 84 கிலோ. தண்ணீர், பை எல்லாம் சேர்த்து இன்னொரு 4 கிலோ.

இதுவரை ஆறு தடவை காட்டுப்பாதையில் ஓட்டினேன். வேரும் கல்லுமான ஒற்றையடிப் பாதை, நடுநடுவே படிபோல இறங்கும் சின்ன மேடுகள். கல் இறக்கத்தில் பின்பக்கம் ‘டொக் டொக்’ என்று இடிக்கிறது, ஷாக் அடிவரை போய் முட்டுகிறது என்று நினைக்கிறேன். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் எழும்பிவிடுகிறது. பெடல் கல்லில் இடிக்கிறது. நீண்ட இறக்கம் முடியும்போது பின் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே வருகிறது. போதாததற்கு, 900 மீட்டர் உயரம் ஏறுவதற்குள் பேட்டரி காலி.

திருப்பிக் கொடுக்க இன்னும் 10 நாள் இருக்கிறது. கூட ஓட்டும் நண்பன், “120 எல்லாம் மண் ரோட்டுக்குத்தான், 150-க்குப் போ” என்கிறான். அவன் சொல்வது சரியா?

சக்கரம்29:
நண்பர் சொல்வதுதான் என் கட்சியும். மோட்டார் இருக்கும்போது எடையைப் பற்றிக் கவலை இல்லை, 30 மி.மீ. கூடுதலாக இருந்தால் என்ன நஷ்டம்? முட்டிக்கொண்டே ஓட்டுவதைவிட மாற்றிவிடுங்கள்.

கிரீஸ்கை:
கொஞ்சம் பொறுங்கள். டிராவல் பேச்சுக்கு முன்னால் பிரேக். லீவர் கைப்பிடி வரை வரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறக்கத்துக்குப் போகாதீர்கள், அது சரியாகும்வரை.

குளிர்ந்திருக்கும்போதே லீவர் மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று தடவை அமுக்கினால் கெட்டியாகிறதா? அப்படியென்றால் குழாயில் காற்று இருக்கிறது, பிளீட் செய்தால், அதாவது பிரேக் திரவத்திலிருந்து காற்றை வெளியேற்றினால் போதும். குளிரில் கெட்டியாக இருந்து சூட்டில் மட்டும் உள்ளே போகிறதென்றால் திரவம் கொதிக்கும் அளவுக்குச் சூடேறுகிறது என்று அர்த்தம். இதையும் பிளீட் செய்துதான் ஆக வேண்டும், ஆனால் அதோடு முடியாது.

அப்புறம், பின் ஷாக்கில் எவ்வளவு காற்று வைத்திருக்கிறீர்கள்? ‘சாக்’ அளந்தீர்களா?

மேடுபள்ளம்:
அளக்கவில்லை. டெலிவரியில் வந்தபடியே ஓட்டுகிறேன். காட்டும் அழுத்தம் 170 பிஎஸ்ஐ. சாக் என்றால் நாம் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் அளவுதானே?

கிரீஸ்கை:
அதேதான். பெட்டியில் வந்த அழுத்தம் யாருக்காகவும் வைத்ததல்ல. ஷாக்கின் லீவரைத் திறந்த நிலையில் வையுங்கள். ஓட்டும்போது போடும் பை, ஹெல்மெட் எல்லாவற்றோடும் சுவரைப் பிடித்துக்கொண்டு பெடல் மேல் நில்லுங்கள். ரப்பர் வளையத்தை ஷாக்கின் கழுத்துவரை தள்ளிவிட்டு, குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரத்தை அளந்து சொல்லுங்கள்.

ஒரு இடத்தில் எல்லோரும் ஏமாறுவார்கள்: வெளியே பளபளவென்று தெரியும் தண்டு முழுவதும் ஸ்ட்ரோக் (ஷாக் அமுங்கக்கூடிய முழுத் தூரம்) அல்ல. பல ஷாக்குகளில் தண்டு கொஞ்சம் நீளமாகவே இருக்கும். மாடலின் விவரப் பட்டியலில் ஸ்ட்ரோக் எத்தனை மி.மீ. என்று பார்த்து, அதில்தான் சதவீதம் போட வேண்டும்.

மேடுபள்ளம்:
ஸ்ட்ரோக் 45 மி.மீ. வளையம் 18 மி.மீ. நகர்ந்தது.

செம்மண்தடம்:
40 சதவீதம்! இந்த மாதிரி சைக்கிளுக்கு 25 முதல் 30 வரை போதும். அதாவது 11 முதல் 13.5 மி.மீ. உங்களுடைய பின்பக்கம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டிருக்கிறது. டிராவலில் கிட்டத்தட்ட பாதி பாதையில் இறங்கும் முன்பே போய்விட்டது, மீதியை வைத்துக்கொண்டுதான் கல்லைச் சமாளிக்கிறீர்கள்.

முன்சக்கரம் எழும்புவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பின்பக்கம் தாழ்ந்தால் உங்கள் எடையும் பின்னால் சாய்கிறது, ஏற்றத்தில் அது இன்னும் மோசமாகும். கிராங்க் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் பெடலும் இடிக்கும். மூன்று நோய்க்கும் ஒரே மருந்தாக இருக்க வாய்ப்பு உண்டு.

காற்றை ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். கொஞ்சம் ஏற்றி, ஷாக்கை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, மறுபடி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இரண்டு அறைகளிலும் அழுத்தம் சமமாகாமல் பொய்க் கணக்கு காட்டும். அழுத்தம் கூடினால் ஷாக் வேகமாகத் திரும்பி உதைக்கும், ரீபவுண்ட் திருகை ஒன்றிரண்டு கிளிக் மெதுவாக்குங்கள். முன் ஃபோர்க்குக்கு 20 சதவீதம் சாக், உங்கள் 130-ல் 26 மி.மீ.

பேட்டரி விஷயத்தில் சைக்கிள் மேல் குற்றமில்லை. நீங்கள், சுமை, சைக்கிள் சேர்ந்து 112 கிலோ. அதை 900 மீட்டர் தூக்க மட்டுமே சுமார் 275 வாட்-அவர் வேண்டும். அதற்கு மேல் மண்ணில் உருளும் இழப்பு, மோட்டார் சூடாக வீணாகும் பங்கு. முழுக்க டர்போவில், அதாவது மோட்டார் அதிகபட்சமாக உதவும் மோடில் ஏறியிருந்தால் 500 தீர்வதில் அதிசயமே இல்லை. டர்போவில்தானே ஏறினீர்கள்?

மேடுபள்ளம்:
ஆமாம், பிடிபட்டுவிட்டேன்.

செம்மண்தடம்:
செங்குத்து வருமுன்பே கியரைக் குறையுங்கள், நிமிடத்துக்கு 75, 80 சுற்று மிதிக்கிற மாதிரி. சீட்டின் மூக்கு நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். டர்போவுக்குக் கீழே உள்ள மோடில் டயரும் கம்மியாக வழுக்கும், பேட்டரியும் நிற்கும். முழு விசையோடு கியர் மாற்றாதீர்கள், மோட்டார் தள்ளும்போது செயினும் பின் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும்.

மேடுபள்ளம் (மூன்று நாள் கழித்து):
215 பிஎஸ்ஐ-க்கு ஏற்றினேன், சாக் 13 மி.மீ. வந்துவிட்டது. அதே பாதையில் ஓட்டினேன். முன்சக்கரம் இப்போது பேசாமல் தரையில் இருக்கிறது. பெடல் இடி ஒன்றிரண்டாகக் குறைந்தது. பேட்டரி அதே ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

ஆனால் ‘டொக்’ சத்தம் போகவில்லை! வளையத்தைப் பார்த்தேன், 40-ல்தான் நிற்கிறது. 45 வரை போகவே இல்லை. அப்படியென்றால் எது முட்டுகிறது?

சக்கரம்29:
ஷாக் முட்டவில்லை என்று வளையமே சாட்சி சொல்லிவிட்டது. என் பங்குக்கு: பெடலை அசைக்காமல் இறங்கும்போது சில மோட்டார்களுக்குள் பல்சக்கரம் கடகடக்கும். இறங்கும்போது லேசாகப் பெடலை முன்னால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் மோட்டார்தான், பயப்பட வேண்டாம்.

கிரீஸ்கை:
அது கடகட, இவருடையது டொக். பின்சக்கரத்தை ஒரு சாண் தூக்கிக் கீழே போடுங்கள், ஒரு கையை பேட்டரி மூடிமேல் வைத்துக்கொண்டு. கையில் அதிர்ந்தால் பேட்டரி கூட்டுக்குள் ஆடுகிறது. அதுவும் இல்லையென்றால் பின்சக்கர அச்சு, அப்புறம் ஷாக்கின் இரு முனை போல்ட், இணைப்புக் கைகளின் போல்ட். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இறுக்கம் என்று பெரும்பாலும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். டார்க் ஸ்பானரால் மட்டும் இறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

மேடுபள்ளம்:
பேட்டரிதான்! பூட்டுப் பக்கத்துத் தகட்டில் இரண்டு திருகு இருந்தது. அதைத் தளர்த்தித் தகட்டைத் துளி மேலே தள்ளி இறுக்கினேன். ஆட்டம் போச்சு. இரண்டு வாரமாக ஷாக்கைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிரேக் மட்டும் பாக்கி. குளிரில் கெட்டி, நீண்ட இறக்கத்தில்தான் உள்ளே போகிறது.

கிரீஸ்கை:
இங்கேதான் ஆரம்ப நிலை மாடலின் உண்மையான குறை. 24 கிலோ சைக்கிளுக்கு இரண்டு பிஸ்டனும் 180 ரோட்டரும் கொடுப்பது எனக்குப் பிடிக்காத சிக்கனம். 150 மி.மீ. ஆரம்ப மாடல் வாங்கினாலும் இதே பிரேக் வர நிறைய வாய்ப்பு உண்டு, அதில் இன்னும் வேகமாக வேறு இறங்குவீர்கள். ஆகவே மாற்றுவதானால் டிராவலுக்காக மாற்றாதீர்கள்.

முதலில் பிளீட் செய்து, சக்கரம் தூக்கியிருக்கும்போது பேட் ரோட்டரை உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு ரோட்டரில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ‘ரெசின் பேட் மட்டும்’ என்று இருந்தால் அதில் உலோகப் பேட் போடக்கூடாது, ரோட்டரைத் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றினால்தான் பலன். முன்னால் 203 ரோட்டர் போடலாம், ஆனால் உங்கள் ஃபோர்க் அதை அனுமதிக்கிறதா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு. ஓட்டும்போது இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்காமல், பலமாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாருங்கள். நடுவே ஆற நேரம் கிடைக்கும்.

சக்கரம்29:
சரி, 150 வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். படிக்கட்டு உயரத்தைத் தாண்டிக் குதிக்கப் போகிறவருக்கு மட்டும் அது பொருந்தும்.

மேடுபள்ளம்:
அப்படிக் குதிக்கும் உத்தேசம் இல்லை. சைக்கிளை வைத்துக்கொள்கிறேன். ஃபோர்க் 203 வரை தாங்கும் என்று கையேட்டில் இருக்கிறது. ரோட்டரை வாங்கி மாட்டினால் அப்படியே இறங்கலாமா?

கிரீஸ்கை:
காலிப்பரை (பிரேக் பேட்டைப் பிடித்திருக்கும் பாகம்) தள்ளி வைக்க 203-க்கான அடாப்டரும் வேண்டும், அதையும் சேர்த்து வாங்குங்கள். மாட்டியதும் சமதரையில் ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டாமல் நடைவேகத்துக்குக் கொண்டுவாருங்கள். இருபது முப்பது தடவை. புதுப் பேட்டும் ரோட்டரும் அப்போதுதான் கடிக்கத் தொடங்கும். அதன் பிறகு இறக்கம்.