பதினெட்டா, ஒன்றா: வாஜ்பாய் அரசைக் கவிழ்த்தது யார்?

வைகைக்கரையான்:
ஜெயலலிதாவின் டெல்லி அரசியலைப் பற்றிய பேச்சில், "வாஜ்பாய் அரசைக் கவிழ்த்தது அவர் அல்ல, கிரிதர் கமாங்கின் ஒற்றை வாக்குதான்" என்று நண்பர் பொருநைச்செல்வன் நேற்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1996-ல் சட்டமன்றத்தில் 4 இடங்களோடும் மக்களவையில் ஓர் இடம்கூட இல்லாமலும் ஒடுங்கிப்போன ஒரு கட்சியை, சிறைக்குப் போய் வந்த பிறகு, இரண்டே ஆண்டுகளில் 18 உறுப்பினர்களோடு டெல்லியில் கொண்டுபோய் நிறுத்தியவர் அவர். கூட்டணியாகப் பார்த்தால் தமிழகத்தின் 39-ல் 30 இடங்கள். 1999 ஏப்ரல் 14 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணனை நேரில் சந்தித்து ஆதரவை விலக்கிக்கொள்ளும் கடிதத்தைக் கொடுத்தவரும் அவரே. அந்தக் கடிதம் இல்லாமல் வாக்கெடுப்பு எங்கிருந்து வந்தது?

பொருநைச்செல்வன்:
கடிதம் அரசைக் கவிழ்க்காது ஐயா, அவையில் விழும் வாக்குதான் கவிழ்க்கும். ஏப்ரல் 17 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவாக 269, எதிராக 270. கமாங் பிப்ரவரியிலேயே ஒடிசாவின் முதலமைச்சராகிவிட்டார். ஆனாலும் கோராபுட் தொகுதியின் மக்களவை உறுப்பினர் பதவியை விடாமல் வைத்திருந்தார். அவர் வாக்களிக்கலாமா என்ற கேள்வியைச் சபாநாயகர் பாலயோகி அவருடைய மனசாட்சிக்கே விட்டுவிட்டார். அந்த மனிதர் அன்று புவனேஸ்வரத்திலேயே இருந்திருந்தால் ஆட்சி பிழைத்திருக்கும். உங்கள் தலைவியின் 18 பேரும் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள்.

வைகைக்கரையான்:
அவர் வராமல் இருந்திருந்தால் 269-க்கு 269. அப்படிச் சமமாகும்போதுதான் சபாநாயகர் வாக்களிக்க முடியும். ஆகவே ஆட்சியைக் காப்பாற்றும் பொறுப்பு தெலுங்கு தேசத்துக்காரரான பாலயோகியின் தலையில் விழுந்திருக்குமே தவிர, ஆட்சி தானாகப் பிழைத்திருக்காது. மாறாக, அந்த 18 பேரும் ஆதரவாக வாக்களித்திருந்தால் 287-க்கு 252. இந்தக் கூட்டல் கழித்தலுக்குப் பெரிய படிப்பு தேவையில்லை என்பதால் நண்பரும் முயன்று பார்க்கலாம்.

கணக்கப்பிள்ளை:
இருவருமே சைபுதீன் சோசை மறந்துவிட்டீர்கள். அரசை ஆதரிப்பது என்ற காஷ்மீரின் தேசிய மாநாட்டுக் கட்சியின் முடிவை மீறி எதிர்த்து வாக்களித்தவர் அவர். கட்சி சொன்னபடி அவர் நடந்திருந்தால் 270-க்கு 269 என்று ஆட்சி நின்றிருக்கும், யாருடைய மனசாட்சியையும் கேட்க வேண்டியிருந்திருக்காது. ஒற்றை வாக்கு என்றால் சோசைச் சொல்லுங்கள், கமாங்கை அல்ல. விலகி நிற்பார் என்று எதிர்பார்க்கப்பட்ட மாயாவதியின் கட்சி கடைசி நேரத்தில் எதிராக வாக்களித்ததையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பொருநைச்செல்வன்:
சோசோ கமாங்கோ, நான் சொன்னது அதேதான்: ஒற்றை வாக்கு. ஜெயலலிதாவுக்கு இதில் பங்கு உண்டு என்றால், அது பங்கல்ல, பிடிவாதம். கலைஞர் ஆட்சியைக் கலைக்க வேண்டும், பதவி நீக்கப்பட்ட கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத்தை மீண்டும் அமர்த்த வேண்டும், பாதுகாப்பு அமைச்சர் பெர்னாண்டசை வெளியேற்ற வேண்டும் என்று அவர் கேட்ட எதையும் வாஜ்பாய் தரவில்லை. சுப்பிரமணியன் சுவாமி வைத்த தேநீர் விருந்தில் சோனியாவோடு அமர்ந்ததைத் தவிர அவருக்கு மிஞ்சியது என்ன? அக்டோபரில் வந்த தேர்தல் முடிவில் அவருடைய 18 வெறும் 10 ஆகச் சுருங்கியது.

காவிரிமகள்:
'பிடிவாதம்' என்ற சொல் ஆண்களைப் பற்றி எழுதும்போது உங்கள் பேனாவிலிருந்து ஏன் வருவதில்லை என்று தெரிந்துகொள்ள ஆசை. 1997-ல் தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொல்லி, பிரதமர் குஜ்ரால் மறுத்ததும் ஆதரவை விலக்கி ஆட்சியைக் கவிழ்த்தவர் காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி. அதே ஆண்டில் தேவகவுடாவையும் வீழ்த்தியவர் அவரே. அவருடைய செயலை 'ராஜதந்திரம்' என்று நீங்களே இங்கே எழுதியிருக்கிறீர்கள். 1984-ல் மாநிலங்களவைக்குப் போய், 1989-ல் தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவராகி, 1991-ல் முதலமைச்சரான ஒருவர் அதையே செய்தால் மட்டும் அது குணக்கேடு ஆகிவிடுகிறது.

பொருநைச்செல்வன்:
அம்மையார் பெண்ணியத்தை இழுத்துக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்ததுதான். 1989-ல் பிளவுபட்ட அ.தி.மு.க.வின் ஜெயலலிதா அணியும் ஜானகி அணியும் நின்ற சேவல், இரட்டைப் புறா சின்னங்கள் பற்றிய விவாதத்திலும், எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மாள் ஆண்டிப்பட்டியில் தோற்றதற்கு இதே பாட்டைத்தான் பாடினார்.

காவிரிமகள்:
அந்த விவாதத்தில் நான் கேட்டதற்குப் பதில் எழுதாமல் காணாமல் போனவர் யார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

வைகைக்கரையான்:
சேவலையும் புறாவையும் விட்டுவிட்டு 18-க்கு வாருங்கள். நண்பர் வசதியாக மறைக்கும் ஒன்றையும் சொல்கிறேன். அந்த வாக்கெடுப்பில் வாஜ்பாயைக் காப்பாற்றக் கைதூக்கியவர்களில் தி.மு.க. உறுப்பினர்களும் இருந்தார்கள். மதவாத எதிர்ப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த கட்சி, சில மாதங்களில் அதே கூட்டணியின் அமைச்சரவையிலும் போய் அமர்ந்தது. ஜெயலலிதா திறந்துவிட்டுப் போன இடத்தில்தான் அவர்கள் உட்கார்ந்தார்கள். டெல்லியில் யார் உட்காருவது, யார் எழுவது என்பதை அந்த ஆண்டு சென்னையிலிருந்து ஒரு பெண் தீர்மானித்தார் என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு தயக்கம் ஏன்? 10 ஆகச் சுருங்கியதைச் சொன்னவர், 2001-ல் அவர் மீண்டும் கோட்டைக்கு வந்ததையும் சொல்லியிருக்கலாமே.

பொருநைச்செல்வன்:
2004-ல் அதே பா.ஜ.க.வோடு மீண்டும் சேர்ந்து 39-லும் மண்ணைக் கவ்வியதை யார் சொல்வது? 2014-ல் 37 இடங்கள் வென்றும் டெல்லியில் அவரை யாரும் தேடவில்லை, ஏனென்றால் பா.ஜ.க.வுக்குத் தனியாகவே 282 இருந்தது. 1999-ல் நடந்தது அவருடைய பலம் அல்ல, அவையின் பலவீனம்.

கணக்கப்பிள்ளை:
சோசைப் பற்றி இருவரும் இன்னும் வாயே திறக்கவில்லை.

வைகைக்கரையான்:
சோசுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்ததே 18-தான். பலவீனமான அவை என்றால், அதைப் பலவீனமாக்கியது எது? ஏப்ரல் 13 வரை நின்றுகொண்டிருந்த அரசு 17-ஆம் தேதி விழுந்தது. நடுவே நடந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான். கேசரி, சேவல், 2014 எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு மட்டும் நண்பர் பதில் எழுதட்டும்.

பொருநைச்செல்வன்:
பதில் என் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. 269, 270. வித்தியாசம் பதினெட்டு என்று உங்கள் ஊரில் சொல்வார்களோ என்னவோ.