புதுப்பிப்பு: ராத்திரியில் ஒரு மூலை இறங்கிய கார், காரணம் கிடைத்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஜெர்மன் டீசல் சொகுசு கார், ராத்திரி நிறுத்தினால் காலையில் முன்பக்க இடது மூலை படுத்துவிடுகிறது என்று. காரைத் தாங்கும் ஏர் ஸ்பிரிங்குகளுக்கு (காற்று நிரப்பிய ரப்பர் பைகள்) காற்றடிக்கும் கம்ப்ரசரை மாற்றச் சொல்லிப் பலர் எழுதினீர்கள். நல்லவேளை, அவசரப்படவில்லை.

பெருந்துறையில் ஒரு மெக்கானிக் அண்ணன் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் மடிப்பில் நுரை பொங்கியது. "கம்ப்ரசர் நல்லாத்தானுங்க இருக்குது. காத்து கசியறதால ஓயாம ஓடுது. இப்படியே விட்டா அதுவும் எரிஞ்சு போயிருமுங்க" என்றார். ஸ்பிரிங்கையும், கூடவே கம்ப்ரசருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ஸ்விட்சான ரிலேயையும் மாற்றினோம். மூன்று வாரமாகக் கார் நிமிர்ந்தே நிற்கிறது. கம்ப்ரசரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அதே கதிக்குத்தான் போயிருக்கும். இதே தொந்தரவு இருப்பவர்கள் தயவுசெய்து முதலில் கசிவைத் தேடுங்கள்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவமும் குறைந்துகொண்டிருந்தது. அதற்குக் காரணம், அதன் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் பிளாஸ்டிக் கூட்டில் விழுந்த விரிசல். அதையும் மாற்றியாயிற்று.

அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்றுதான் விற்றவர் சொன்னார். ஆனால் அந்த கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டரோடு சேர்த்து மாற்றினேன். கியர் மாறும்போது இருந்த குலுக்கல் போய்விட்டது.

டிபிஎஃப் (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) எச்சரிக்கை விளக்கு மட்டும் அவ்வப்போது எரிகிறது. ஈரோட்டுக்குள்ளேயே ஓட்டினால் அதில் சேர்ந்த கரி எரியும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. அதனால் ஞாயிறுதோறும் பெருந்துறையிலிருந்து அவிநாசி வரை நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டிவிட்டு வருகிறேன். டிபிஎஃப்பின் அழுத்த சென்சாரை அடுத்த வாரம் பார்ப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.