வங்கதேசக் கரையோரம் காலியாவது கடல் ஏறுவதாலா?

தாழைமடல்:
கடல் மட்டம் 1 மீட்டர் உயர்ந்தால் வங்கதேசத்தில் ஆறில் ஒரு பங்கு நிலம் மூழ்கும், கோடிக்கணக்கானோர் எல்லை தாண்டுவார்கள், நாடே குலையும் என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. தென்மேற்குக் கரையோர மாவட்டங்களான குல்னா, சாத்கீரா பக்கம் இப்போதே ஆட்கள் வெளியேறுகிறார்கள். காரணம் கடல்தானா? கரையை உயர்த்தினால் தீருமா?

ஓதக்கணக்கு:
அது வெறும் மேட்டுப்பள்ளக் கணக்கு. வண்டலைச் சேர்க்கவே இல்லை. 1960களில் தொடங்கி அங்கே 139 போல்டர்கள் உண்டாக்கினார்கள். சுற்றிலும் மண்கரை, நடுவே ஊரும் வயலும். ஓதத்தோடு, அதாவது கடல்நீர் தினமும் ஏறி வற்றுவதோடு, வந்து வயலில் படிய வேண்டிய வண்டல் வெளியே நின்றுபோனது. உள்ளே மண் இறுகி அமுங்கியது. குல்னா மாவட்டத்து டாக்கோப்பில் 32ஆம் எண் போல்டரின் நிலம், பக்கத்திலேயே கரையில்லாத சுந்தரவனத் தரையைவிட 1 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடந்தது. அந்தக் காலத்தில் கடல் ஏறியது இதில் சிறு பங்குதான். 2009 மே மாதம் ஐலா புயல் கரையை உடைத்ததும், ஏறத்தாழ 2 ஆண்டு ஓதம் தினமும் இரு வேளை உள்ளே வந்து போனது. சனம் கரைமேலேயே குடிசை போட்டுக் கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த 2 ஆண்டில்தான் தரை சராசரியாக ஒரு அடிக்கு மேல் உயர்ந்தது.

மதகடி:
கரையை மட்டும் உயர்த்தினால் மதகு செத்துப்போகும். மதகின் வெளிவாயில் தொங்கும் கதவு, ஓதம் வற்றும்போது தானே திறந்து மழைநீரை விடும். ஏறும்போது அமுங்கி மூடிக்கொள்ளும். வெளியே ஆற்றடியில் வண்டல் ஏறிவிட்டால் கதவு அசையாது. ஜஸ்ஸோரில் பவதஹப் பக்கம் மாதக்கணக்கில் தண்ணீர் தேங்குவது இதனால்தான்.

மாற்று வழி, கரையை ஓரிடத்தில் வெட்டி, பீல் எனும் தாழ்நிலத்துக்குள் சில ஆண்டு ஓதத்தை விடுவது. 1997ல் பீல் பைனாவில் ஊராரே வெட்டினார்கள். நிலமும் உயர்ந்தது, ஆறும் ஆழமானது. ஆனால் வண்டல் வெட்டுவாய்ப் பக்கமே குவியும். தூரத்து வயல் பள்ளமாகவே கிடக்கும். அத்தனை ஆண்டும் விளைச்சல் கிடையாது. நஷ்டஈட்டுக்கு நிலப் பத்திரம் கேட்பார்கள். விளைச்சலில் பங்கு தந்து பிறர் நிலத்தை உழுகிறவனிடம் ஏது பத்திரம்?

தாழைமடல்:
சரி, அப்படியானால் ஆட்கள் ஏன் கிளம்புகிறார்கள்?

உவர்நிலம்:
இறால். நெல் வயல் பலவும் இறால் குட்டையாகிவிட்டது. நடவு, களை, அறுப்பு என்று நெல் வயல் தரும் கூலிநாட்களில் சிறு பங்கைத்தான் இறால் குட்டை தரும். நிலமில்லாதவர்தான் முதலில் போகிறார். குட்டைக்கு உப்புநீர் எடுக்கக் கரையைத் துளைத்துக் குழாய் போடுகிறார்கள்; குழாயை ஒட்டி நீர் அரித்து, புயலில் முதலில் அந்த இடம்தான் உடையும். மண்ணில் உப்பு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸை (மின்கடத்தலை வைத்து உப்பை அளக்கும் அலகு) தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். மழை உப்பைக் கழுவுவதால் மழைக்கால ஆமன் நெல் தப்பிக்கும், வறண்ட பருவத்துப் போரோ நெல் கோடையில் கருகும்.

போகிறவர்களில் பெரும்பாலோர் குல்னாவுக்கும் டாக்காவுக்கும்தான் போகிறார்கள். பலர் செங்கல் சூளைப் பருவம் முடிந்து திரும்புகிறார்கள். எல்லை தாண்டவும் கையில் காசு வேண்டும். வக்கற்றவர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்.

நாடு குலையும் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். 2020 அம்பன் புயலுக்கு முன் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதுகாப்பாக இடம் மாற்றினார்கள். செத்தவர்கள் சில பத்துப் பேர். ஆனால் புயல் முடிந்து கரை அடைபட ஐலாவில் போல 2 ஆண்டுகூட ஆகிறது பாருங்கள், குடும்பம் ஊரை விடுவது அந்த இடைவெளியில்தான்.