ஒரு மணியைத் தண்ணீரால் நிறுத்திய அனுபவம்

முதுநகர்த் தம்பி:

புதுச்சேரியில் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் படிக்கிறேன். புராஜெக்ட் என்னடா என்று அப்பா கேட்டால், "தண்ணியை வச்சு தூசியைப் பிடிக்கிறேன்" என்பேன். சிரிப்பார். பொய் இல்லை, வேலையே அதுதான். 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு) அளவுள்ள பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் உருண்டை மணி ஒன்றைத் தொடாமல், சுற்றி ஓடும் தண்ணீரை மட்டும் வைத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் ஓரிடத்தில் நிறுத்த வேண்டும்.

லேசரால் பிடிக்கலாம். அந்த வித்தைக்காகத்தான் அமெரிக்க விஞ்ஞானி ஆஷ்கினுக்கு 2018இல், 96 வயதில், நோபல் கிடைத்தது. எங்களிடம் அவ்வளவு காசு இல்லை. கண்ணாடியில் ஒட்டிய சிலிக்கோன் ரப்பர் சிப், அதில் கூட்டல் குறி போல நான்கு வாய்க்கால், நான்கு டியூப், நான்கு பாட்டில். அவ்வளவே.

கிழக்கிலும் மேற்கிலும் தண்ணீர் உள்ளே வரும். வடக்கிலும் தெற்கிலும் வெளியே போகும். நடுவில் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் ஓடாது. தேக்கப் புள்ளி என்பார்கள். நம்ம கடலூரில் கெடிலம் ஆறும் உப்பனாறும் சேரும் இடத்தில், எந்தப் பக்கம் போவது என்று புரியாமல் நிற்கும் ஆகாயத்தாமரைக் கொத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

ஆனால் அந்தப் புள்ளிக்கு ரெட்டைக் குணம். கிழக்கு மேற்கில் விலகினால் மணியை நடுவுக்கு இழுத்துவரும். வடக்கு தெற்கில் மயிரிழை விலகினாலும் விரட்டிவிடும். மயிரிழை என்பதே இங்கே பெரிய தூரம். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன்! மணியோ நீர் மூலக்கூறுகள் இடிப்பதில் பத்து வினாடிக்குள் தன் உடலளவு தானாகவே நகர்ந்துவிடும்.

முதல் வாரம் முழுக்கத் தோல்வி. மணி வடக்கே நழுவினால் தேக்கப் புள்ளியைத் தெற்கே இழுத்தேன். மணி இன்னும் வேகமாக ஓடியது. எங்கள் சார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஓடுற ஆட்டைப் பின்னாலிருந்து துரத்துவியா, முன்னால போய் மறிப்பியா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. மணி வடக்கே போனால், புள்ளியை அதற்கும் வடக்கே கொண்டுபோக வேண்டும். அதற்கு வடக்குப் பாட்டிலைக் கொஞ்சம் தூக்கினால் போதும், அந்தப் பக்கம் வெளியே போகும் தண்ணீர் குறையும். 1 மில்லிமீட்டர் உயரம் என்பது சுமார் 10 பாஸ்கல் அழுத்தம், மணி திரும்பிவிடும்.

அப்புறம் ஃபேன். காற்றில் டியூப் ஆடினாலே திரையில் மணி துள்ளும். மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு, வலது கையில் பாட்டிலை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் நாற்பது வினாடி நின்றது. குண்டூசித் தலை அளவு காற்றுக்குமிழி ஒன்று டியூபில் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது.

கையால் செய்வது புதிதல்ல. 1934இல் ஜி.ஐ. டெய்லர் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி நான்கு உருளைகளைச் சுழற்றி, நடுவில் எண்ணெய்த் துளியை வைத்து ஆராய்ந்தார். 1986இல் பென்ட்லியும் லீலும் அந்த வேலையைக் கேமராவிடமும் கம்ப்யூட்டரிடமும் கொடுத்தார்கள். நான் இன்னும் டெய்லர் காலத்தில்தான் இருக்கிறேன்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:

நான் கண்டது இதற்குப் பக்கத்து விஷயம். சில்வர் பீச் தண்ணீரை ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித மைக்ராஸ்கோப்பில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். குச்சி போன்ற டயட்டம் (ஒற்றைச் செல் பாசி) ஒன்று, ஸ்லைடைச் சாய்த்ததும் ஓட்டத்தோடு போனது. ரொம்ப நேரம் ஓட்டத்தின் திசையிலேயே படுத்திருந்து, திடீரென்று ஒரு குட்டிக்கரணம், மறுபடி படுக்கை. உயிரோடிருக்கிறது என்று ஒரு பையன் கத்தினான். ஏன் அப்படிச் செய்கிறது?

முதுநகர்த் தம்பி:

டீச்சர், அதன் உயிருக்கும் கரணத்துக்கும் சம்பந்தமில்லை. கண்ணாடியை ஒட்டிய தண்ணீர் நிற்கும், தள்ளியிருப்பது ஓடும். குச்சியின் ஒரு பக்கத்தை மட்டும் ஓட்டம் வேகமாகத் தள்ளுவதால் உருள்கிறது. நீளவாக்கில் கிடக்கும்போது பிடிமானம் குறைவு, அதனால் அங்கே தாமதிக்கும். குறுக்கே வந்தால் சட்டென்று புரளும். 1922இல் ஜெஃப்ரி என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுச் சொன்னது.

என் சிப்பில் குச்சியை விட்டால் வேறு மாதிரி: வெளியே போகும் ஓட்டத்தின் கோட்டில் படுத்துவிடும், கரணம் இல்லை. அதைத் திருப்ப வேண்டுமானால் ஓட்டத்தின் கோட்டையே திருப்பணும், நான்கு வாய்க்காலில் அது ஆகாது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஷ்ரோடர் குழு 2016இல் ஆறு வாய்க்கால் சிப்பில் இரண்டு துகள்களைத் தனித்தனியாக நடத்தியது. பிறகு குச்சியின் திசையையும் கட்டுப்படுத்தியது. எனக்கு ஆறு பாட்டில் தூக்க ஆறு கை இல்லை.

துறைமுகத்து அண்ணன்:

தம்பி, ஆத்து முகத்துவாரத்தில் இன்ஜின் நின்றால் நாங்களும் ஆட்டை மறிக்கிற மாதிரிதான் துடுப்பு போடுவோம். ஆனால் எங்கள் படகு துடுப்பை நிறுத்திய பின்னும் கொஞ்ச தூரம் போகும். உன் மணி?

முதுநகர்த் தம்பி:

போகாது அண்ணே. தண்ணீர் நின்ற அந்த நொடியே மணியும் நிற்கும். அந்த அளவுக்கு அதற்குத் தண்ணீர் தேன் மாதிரி. ஓட்டத்தை அப்படியே திருப்பினால் வந்த வழியிலேயே திரும்பி வரும், மூலக்கூறு இடிக்கிற ஆட்டம் மட்டும்தான் கணக்கில் சேராது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது வீடியோ கொண்டு வருகிறேன்.