மறு: டோ பார் – இழுதண்டா, ஏர்க்காலா, பின்னுகமா?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய ஜீப்பில் டோ பார் (டிரெய்லரை மாட்டி இழுக்க வண்டியின் பின்னால் பூட்டும் சட்டம்) பொருத்தி வயரிங் செய்வதற்கு ஒரு கைக்குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன், சொல் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த மடல்களைப் பார்த்தால் இந்த ஊரில் பட்டறைகளைவிடச் சொல்லாக்கிகள் அதிகம் போலிருக்கிறது. தனித்தனியாக எழுதாமல் ஒரே மடலில் பதில் சொல்கிறேன்.

> இழுதண்டு என்று வைத்துவிடலாம். இழுப்பதற்கான தண்டு, அவ்வளவுதான். எவருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொரு பொருளாகப் புரியும். ஏற்காட்டு மலைப்பாதையில் லாரி பழுதாகி நின்றால், இன்னொரு வண்டியை முன்னால் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புத் தண்டை மாட்டி இழுத்துச் செல்வார்கள். கயிறு கட்டினால் இறக்கத்தில் பின்னால் வருவது முன்னால் போவதை முட்டும். தண்டு இருந்தால் இடைவெளி குறையாது. இழுதண்டு என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். நான் பெயர் தேடுவது காரின் அடியில் போல்ட் போட்டு நிலையாகப் பூட்டிய சட்டத்துக்கு. நடுவில் ஒரு குண்டு நிற்குமே, அந்தச் சாமானுக்கு. பிரிட்டனில் டோ பார் என்றால் இது. அமெரிக்காவில் அதே பெயரைப் பெரும்பாலும் அந்தத் தண்டுக்குச் சொல்கிறார்கள். அவர்களுடைய குழப்பத்தை நாம் சீதனமாக வாங்கிக்கொள்ள வேண்டாம்.

> ஏர்க்கால் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

கொண்டலாம்பட்டி ஐயாவின் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மாட்டுவண்டியில் ஏர்க்கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வண்டியிலிருந்து முன்னால் நீண்டு போகும் மரம் அது. மாட்டை அவிழ்த்த பிறகும் வண்டியோடேயே கிடக்கும். ஆகவே டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. அதை அங்கேயே வைத்துக்கொள்வோம். இழுக்கப்படுவதன் உறுப்பை இழுப்பதன் மேல் ஏற்றினால், குறிப்பைப் படித்துவிட்டு ஸ்பானரோடு தவறான வண்டியின் அடியில் படுப்பவர் ஒருவராவது இருப்பார்.

ஏர்க்காலின் நுனி எதில் போய்க் கட்டப்படுகிறதோ, இழுக்கும் உயிரின் மேல் குறுக்காக எது கிடக்கிறதோ, அதுதான் நமக்கு வேண்டியது. அது நுகம். டோ பாரும் இழுக்கும் வண்டிக்குக் குறுக்காகத்தான் கிடக்கிறது. பின்னால் வரும் வண்டியின் இழுப்பை வாங்குகிறது, கூடவே அதன் முன்பக்க எடையில் ஒரு பங்கையும் சுமக்கிறது. மாட்டுக்குக் கழுத்தில், ஜீப்புக்கு முதுகுக்குப் பின்னால் என்பது மட்டுமே வேறுபாடு. பின் என்பதோடு நுகம் சேர்ந்தால், பின்னாள் போல, பின்னுகம். டிரெய்லருக்குப் பின்வண்டி என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும். (தொடர்வண்டி என்று எழுதிய நண்பருக்கு: அது ஜங்ஷனில் நிற்கிறது.)

> நுகம் என்றால் அடிமைத்தனம் நினைவுக்கு வருகிறது. மேடைப் பேச்சு போலவும் இருக்கிறது.

மேடையில் பேசுபவர்கள் நுகத்தடியைப் பார்த்திருக்க மாட்டார்கள். நாம் அவர்களுக்காக எழுதவில்லை.

> குண்டுக்குப் பகலாணி என்று வைக்கலாமே? சங்க இலக்கியச் சொல்.

நுகத்தின் நட்டநடுவே நிற்கும் ஆணிக்குப் பகல் என்று பெயர். நடுவுநிலை தவறாத வணிகர் நெஞ்சுக்கு அதைப் பட்டினப்பாலை உவமை காட்டுகிறது. இடப்பொருத்தம் அபாரம், படித்ததும் கை துறுதுறுத்தது. ஆனாலும் வேண்டாம் என்பதே என் கட்சி. இன்று பகலாணி என்றால் மெக்கானிக், இரவுக்கு வேறு ஆணியா என்று கேட்பார். மேலும் ஆணி துளைக்குள் இறங்குவது. இதுவோ மேலே நிற்கிறது, பின்வண்டியின் கிண்ணம் வந்து இதைக் கவ்வுகிறது. குண்டு, கிண்ணம் என்றே எழுதுகிறேன். இந்த இரண்டிலும் பெயரைவிட அளவுதான் முக்கியம். ஐரோப்பிய அளவுக் குண்டு 50 மில்லிமீட்டர். அமெரிக்க அளவுகளில் ஒன்று இரண்டு அங்குலம், அதாவது 50.8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். 50.8-க்கான கிண்ணம் 50 குண்டின் மேல் சுலபமாக உட்கார்ந்து, ஓடும்போது ஆடும், தேயும், மேட்டில் தூக்கிப் போட்டால் கழன்றுகொள்ளவும் கூடும். குண்டின் மேல் பொறித்திருக்கும் அளவைப் படித்துவிட்டே மாட்டவும் என்று கொட்டை எழுத்தில் போடுகிறேன்.

அடுத்தது எனக்கு மிகவும் வேண்டிய சொல். பாரம் ஏற்றிய பின்வண்டி குண்டின் மேல் எவ்வளவு எடையை அழுத்துகிறது என்பதற்குப் பெயர் என்ன? மூக்கு எடை, செங்குத்துச் சுமை, நாசிப்பளு என்றெல்லாம் வந்திருக்கின்றன. ஒன்றும் தேவையில்லை. வண்டியோட்டிகளிடம் முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் காலங்காலமாக இருக்கின்றன. மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் முன்பாரமாகி மாட்டின் கழுத்து அழுந்தும். பின்னால் அடுக்கினால் பின்பாரமாகி ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். பின்வண்டிக்கும் இதே நியாயம்தான். முன்பாரம் மிஞ்சினால் ஜீப்பின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடிப்பு குறையும், ஸ்டியரிங் லேசாகிவிடும். பின்பாரமானால் வேகம் எடுத்ததும் பின்வண்டி இடதும் வலதுமாக அலையத் தொடங்கும். பாரம் ஏற்றிய பின்வண்டியின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் சொல்லும் பொதுக் கணக்கு. ஆஸ்திரேலியாவில் 10 விழுக்காடு அளவில் வைக்கிறார்கள். 400 கிலோ பின்வண்டி என்றால் முதல் கணக்குப்படி 20 முதல் 28 கிலோ. குளியலறை எடைக்கருவியின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்திக் கிண்ணத்தை அதன் மேல் இறக்கினால் வீட்டிலேயே அளந்துவிடலாம்.

அந்த அலைச்சலுக்குப் பாம்பாட்டம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் பாம்பு இருந்தால் தமிழிலும் படமெடுக்க வேண்டுமா? நான் வாலாட்டம் என்று வைக்கிறேன். வாலாட்டுவது என்றாலே நம் ஊரில் அடக்கமில்லாமல் துள்ளுவது என்று பொருள். பின்வண்டி செய்வதும் அதுதான்.

ஏற்காட்டு அண்ணன் எழுதியதற்கு வருகிறேன்.

> சொல் உண்டாக்குவது எளிது. எஸ்டேட்டில் மிளகு மூட்டை ஏற்றுபவர் பின்னுகம் என்று சொல்வாரா? டோ பார் என்றுதான் சொல்வார்.

சொல்வார், சொல்லட்டும். ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போகிற வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதுவும் ஆங்கிலத்தைப் பார்த்து ஆக்கிய சொல்தான். அறிவிப்புப் பலகையில் ஏறியது, வாயிலும் ஏறிவிட்டது. கொண்டை ஊசி எல்லோர் வீட்டிலும் இருந்தது அதற்குக் கைகொடுத்திருக்கும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது, 1916-இல், கலைச்சொல் ஆக்குவதற்கென்றே தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இன்று சாஸ்திரத்தை அறிவியல் என்கிறோம், பரிபாஷையைக் கலைச்சொல் என்கிறோம். சங்கம் என்பது மட்டும் தேறியது. எனவே பின்னுகம் நிற்குமா என்று பந்தயம் கட்ட நான் தயாராக இல்லை. முதல் முறை வரும் இடத்தில் டோ பார் என்னும் பின்னுகம் என்று எழுதிவிட்டுப் போகிறேன்.

பொருத்துவது பற்றிச் சர்ச்சை இல்லை என்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். பழைய ஜீப்பில் ஏணிச் சட்டகம் இருப்பதால் பின்னுகத்தைச் சட்டகத்தின் இரு கால்களிலும் பூட்டலாம். அம்பாசடரில் அப்படிப்பட்ட தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அதில் வெறும் தகட்டைத் துளைத்துப் போல்ட் போட்டால் இழுக்க இழுக்கத் துளை அகன்றுவிடும். உட்புறம் ஒரு தாங்குதகடு வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். அதற்கு முன் துருவைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட்டே போட வேண்டும். கிண்ணம் கழன்றாலும் பின்வண்டி பிரிந்து ஓடாமல் பிடிக்கும் சங்கிலிக்குக் காப்புச் சங்கிலி என்ற சொல்லை எல்லோரும் ஏற்றுக்கொண்டீர்கள், மகிழ்ச்சி.

வயரிங்கில்தான் சண்டை பாக்கி இருக்கிறது. ஏழு முனை உள்ள சாக்கெட்டுக்குச் செருகுவாய், அதில் நுழையும் பிளக்குக்குச் செருகி. இதில் எனக்கு மறுப்பில்லை. ஐரோப்பிய வழக்கில் முதல் முனை இடது சிக்னல், மஞ்சள் வயர். நான்காவது வலது சிக்னல், பச்சை. ஆறாவது பிரேக் விளக்கு, சிவப்பு. ஐந்தும் ஏழும் வலது, இடது பின்விளக்குகள், பழுப்பும் கறுப்பும். இரண்டாவது பின்புற மூடுபனி விளக்குக்கான நீலம். பழைய ஜீப்பில் அந்த விளக்கே கிடையாது, ஆகவே முனை சும்மா இருக்கும். (மூடுபனிக்கு ஏற்காட்டில் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம்.)

மூன்றாவது முனை, வெள்ளை வயர். இதைப் பலர் புவிமுனை, நிலத்தொடுப்பு என்று எழுதுகிறீர்கள். வீட்டு மின்சாரத்துக்கு அது சரி, அங்கே வயர் உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறது. ஜீப் நிற்பது நான்கு ரப்பர் டயர்களின் மேல். பேட்டரிக்கு மின்சாரம் திரும்பிப் போகும் வழி வண்டியின் இரும்பு உடல். பட்டறையில் பாடி எர்த் என்று சொல்வது நம் புவிமுனையைவிடத் துல்லியமாக இருக்கிறது. உடல்முனை என்று வைப்போம். இது வீண் பிடிவாதம் இல்லை. குண்டும் கிண்ணமும் இரும்புதானே, அந்த வழியாகவே மின்சாரம் திரும்பிவிடும் என்று வெள்ளை வயரை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். குண்டில் கிரீஸ் பூசியிருக்கும், ஓட்டத்தில் தொடுப்பு விட்டுவிட்டு வரும். பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கு மங்கலாக எரியும் கூத்தெல்லாம் பெரும்பாலும் இதனால்தான்.

ரிலேக்கு, அதாவது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்சுக்கு, உணர்த்தி, அஞ்சல் என்று இரண்டு கட்சி. நான் இரண்டிலும் இல்லை, ரிலே ரிலேயாகவே இருக்கட்டும். எந்தக் கடையிலும் கேட்டதும் எடுத்துத் தருகிறார்கள். சொல்ல வேண்டியது அது எதற்கு என்பதை. பழைய வண்டியில் ஒரு பக்கத்துக்கு 21 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். பின்வண்டியில் இன்னொன்று சேர்ந்தால் 5.25. சிக்னலை மினுக்க வைக்கும் பழைய வெப்ப வகை பிளாஷர் இந்தக் கூடுதல் மின்னோட்டத்தில் சீக்கிரம் சூடாகி வேகமாக மினுக்கும். பழைய வயரும் சுவிட்சும் அதைத் தாங்க வேண்டும். அதனால் பேட்டரியிலிருந்து தனி பியூஸ் போட்டு ஒரு வயர் இழுத்து, பின்வண்டி விளக்குகளை ரிலே வழியாக எரிய வைப்பது நல்லது. ஜீப்பின் பழைய வயர் ரிலேக்குச் சைகை மட்டும் கொடுக்கும், பாரம் சுமக்காது. இந்த ஏற்பாட்டுக்குத் துணைரிலே என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

சட்டப் பகுதியில் நான் சொல்லாக்கம் எதுவும் செய்யவில்லை. பின்வண்டியும் சட்டத்தின் கண்ணில் ஒரு மோட்டார் வாகனம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றி 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பேசுகிறது. இந்த இரண்டு வரியோடு, வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும் என்று போட்டிருக்கிறேன்.

ஒரு சொல் இன்னும் அகப்படவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஜீப் அகலமாகத் திரும்பினாலும், பின்வண்டியின் சக்கரம் உள்வளைவை ஒட்டி வெட்டிக்கொண்டு போகிறதே, அதற்குப் பெயர் வேண்டும். மாட்டுவண்டியை வளைவில் திருப்பிப் பழகியவர்களிடம் கட்டாயம் ஒரு சொல் இருக்கும். ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் இருப்பவர்கள் விசாரித்து எழுதினால் அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடுவேன்.