வெள்ளையரல்லாத பால்புதுமையினர் குழுக்களில் கலையும் தலைமையும்: ஒருவரைத் தலைவராக்கித்தான் ஆக வேண்டுமா?

ஆற்றங்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில், கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் தெற்காசியரும் கலந்த, வெள்ளையரல்லாத பால்புதுமையினர் (பாலினத்திலும் பாலீர்ப்பிலும் பெரும்பான்மையிலிருந்து வேறுபடுவோர்) நடத்தும் சிறியதோர் எழுத்துக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கவிதை வாசிப்பும், குறுநாடகங்களும், நாங்களே படியெடுத்துத் தைக்கும் சிற்றிதழும் மட்டுமே தெரியும். ஆனால் குடும்பம் கைவிட்ட இளைஞருக்குத் தங்க இடம் தேடுவது, பெயர் மாற்றத்துக்காக நீதிமன்றம் செல்லும் திருநங்கைக்குத் துணை போவது, வேலையிழந்தவரின் வாடகைக்குப் பணம் திரட்டுவது ஆகிய அனைத்தும் அதே கூடத்தில், அதே மனிதர்களால், பெரும்பாலும் கவிதை வாசிப்பு முடிந்த கையோடு நடக்கின்றன.

இப்போது ஓர் அறக்கட்டளை எங்களுக்கு நிதி தர முன்வந்துள்ளது. பொறுப்பு வகிக்கும் இயக்குநர் ஒருவரின் பெயரைத் தர வேண்டும் என்பதும், கலைப் பணியையும் உதவிப் பணியையும் இரு வேறு திட்டங்களாகப் பிரித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதும் அவர்களுடைய நிபந்தனைகள். மூத்தவர்கள் சிலர் இதை ஏற்கலாம் என்கிறார்கள். ஊதியமே இல்லாமல் எத்தனை காலம் மனிதர்களின் உழைப்பை வாங்கிக்கொண்டிருப்பது என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இளையவர்கள் சிலரோ, ஒருவரைத் தலைவராக்கிய நாளிலேயே மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள்.

நமக்கு முன் இத்தகைய குழுக்களை நடத்தியவர்கள் தலைமையை எவ்வாறு பகிர்ந்துகொண்டார்கள்? கலையையும் உதவியையும் அவர்கள் பிரித்தார்களா? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் எங்கள் அடுத்த கூட்டத்தில் அதைப் படித்துக்காட்ட விரும்புகிறேன்.

பழைய ஏடுகள் எழுதியது:

வணக்கம், ஆற்றங்கரை. உங்கள் இளையவர்களின் அச்சம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக எழுத்தில் பதிவாகியிருக்கும் ஒன்று. 1974இல் பாஸ்டனில் தொடங்கிய கம்பாஹி ரிவர் கலெக்டிவ், கறுப்பினப் பெண்ணியர்களின் குழு. அதன் முன்னணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் தன்பால் ஈர்ப்புள்ள பெண்கள். 1863இல், தானே அடிமைத்தளையிலிருந்து தப்பியவரான ஹாரியட் டப்மன் வழிகாட்டிய படை, தென் கரோலினாவின் கம்பாஹி ஆற்றங்கரையில் 700க்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்ததன் நினைவாகவே அவர்கள் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். 1977இல் வெளியிட்ட அறிக்கையில், கூட்டாக முடிவெடுப்பதையும், குழுவுக்குள் அதிகாரம் மேல் கீழ் இன்றிப் பகிரப்படுவதையும் நம்புகிறோம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். அந்த அறிக்கையை வரைந்தவர்கள் பார்பரா ஸ்மித், பெவர்லி ஸ்மித், டெமிட்டா ஃப்ரேசியர் ஆகிய மூவர். வெளிவந்ததோ குழுவின் பெயரில். பேனா பிடிப்பவர் ஒருவராகவோ மூவராகவோ இருக்கலாம், ஆனால் எழுதப்பட்டது எல்லோருக்கும் உரியது என்ற ஏற்பாடு உங்கள் குழுவிலும் சாத்தியமானதே.

கலையையும் உதவியையும் பிரிக்கலாமா என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு, அவர்கள் 1979இல் செய்த வேலையைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. அந்த ஆண்டின் முதல் சில மாதங்களுக்குள் பாஸ்டனில் 12 கறுப்பினப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். கண்டன ஊர்வலத்தில் பேசியவர்கள் இதை இனவெறியாக மட்டுமே பார்த்தார்கள். பெண்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும், ஆண்கள் காவல் நிற்க வேண்டும் என்ற அளவில் பேச்சு நின்றுவிட்டது. கொல்லப்பட்டவர்கள் கறுப்பினத்தவர் என்பதோடு பெண்கள் என்பதும் கொலைக்குக் காரணம் என்று பார்பரா ஸ்மித் ஒரு துண்டறிக்கையை எழுத, குழு அதை அச்சிட்டுத் தெருத்தெருவாகக் கொடுத்தது. ஆறு பெண்கள் ஏன் இறந்தார்கள் என்று கேட்டுத் தொடங்கிய அந்த வெளியீட்டின் முகப்பில், அடுத்தடுத்த கொலைகளுக்குப் பின் எண்ணை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. உள்ளே தற்காப்பு வழிகளும், உதவிக்கு அணுக வேண்டிய அமைப்புகளின் விவரமும் இருந்தன. அதை எழுத்துப் பணிக் கணக்கில் எழுதுவீர்களா, உதவிப் பணிக் கணக்கில் எழுதுவீர்களா?

அடுத்த ஆண்டே, கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டின் தூண்டுதலால் பார்பரா ஸ்மித்தும் தோழிகளும் கிச்சன் டேபிள் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். பெண்கள் கூடி உழைத்துப் பேசும் இடம் சமையலறை என்பதால் அமைந்த பெயர் அது. அப்படியொரு பதிப்பகம் எவ்வளவு தேவை என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. ஷெரி மொராகாவும் குளோரியா அன்சல்துவாவும் 1981இல் தொகுத்த, வெள்ளையரல்லாத பெண்களின் முக்கியமான தொகை நூலை வெளியிட்ட வேறொரு பெண்ணியப் பதிப்பகம் 1983இல் மூடப்பட்டது. கிச்சன் டேபிள் அதே ஆண்டில் அந்த நூலை மறுபதிப்புச் செய்யாதிருந்தால் அது கடைகளிலிருந்து மறைந்திருக்கும். அச்சு இயந்திரம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பேச்சும் இருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆகையால் உங்கள் சிற்றிதழைச் சிறு விஷயமாக எண்ண வேண்டாம்.

மூன்றாம் தெரு எழுதியது:

முன்னவர் எழுத்தையும் பதிப்பையும் பற்றிச் சொன்னார். மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனெனில் புத்தகம் எழுத வாய்ப்பே கிடைக்காதவர்களின் தலைமை அங்குதான் உருவானது.

1967இல் நியூயார்க்கில் நடந்த டிராக் அழகுப் போட்டியில் (பெண் வேடமிட்டு மேடையேறும் கலைஞர்களின் போட்டி), நடுவர்கள் வெள்ளையருக்குச் சாய்வாக நடந்துகொண்டார்கள் என்று கிரிஸ்டல் லபேஜா மேடைக்குப் பின்னால் வெளிப்படையாகச் சினந்து வெளியேறினார். அக்காட்சி அந்தப் போட்டியைப் பற்றிய ஆவணப்படத்திலேயே பதிவாகியிருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அவர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் லபேஜா இல்லத்தை நிறுவி, அதன் பெயரில் போட்டிகள் நடத்தத் தொடங்கினார். அதைப் பின்பற்றி வேறு இல்லங்கள் தோன்றின. ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு தாயோ தந்தையோ பொறுப்பேற்றார். பிறந்த வீட்டை இழந்த கறுப்பின, லத்தீன இளையவர்களுக்கு அந்தத் தாய் நடை, உடை, ஒப்பனை அழகியரின் நிலைகளைப் போலச் செய்யும் வோக் ஆட்டம் ஆகியவற்றோடு, தெருவில் உயிரோடு திரும்பி வரும் வழியையும் கற்றுக்கொடுத்தார். போட்டிகளில் பிறர் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு ஆணாகவோ பெண்ணாகவோ அலுவலராகவோ தோன்ற வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. மேடையில் அது கலை. நள்ளிரவில் ரயிலில் தனியாகப் பயணம் செய்யும்போது அதுவே பாதுகாப்பு. எய்ட்ஸ் பரவிய காலத்தில் நியூயார்க்கின் ஜிஎம்எச்சி என்னும் சுகாதார அமைப்பு, இவர்களிடம் செய்தியைக் கொண்டுசெல்ல விரும்பி, லேடெக்ஸ் இல்லம் என்ற பெயரில் ஒரு இல்லத்தையே அமைத்து இந்த உலகத்துக்குள் நுழைந்தது. மருத்துவத் துண்டறிக்கையைவிட இல்லத் தாயின் சொல்லுக்கு இங்கே எடை அதிகம் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு உங்கள் குழு பழங்காலத்தை வெறுமனே போற்றிவிடக் கூடாது. 1970இல் மார்ஷா பி. ஜான்சனும் சில்வியா ரிவேராவும் தொடங்கிய ஸ்டார் என்னும் அமைப்பு, வீடற்ற இளம் திருநர்களுக்கு மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு வீட்டைத் தந்தது. இளையவர்கள் தெருவில் உடலை விற்க நேரக் கூடாது என்பதற்காக வாடகையை ஈட்டும் பாரத்தை இவ்விருவருமே தெருவில் சுமந்தார்கள். 1971இல் அந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1973ஆம் ஆண்டு பால்புதுமையினரின் பெருமிதப் பேரணியில், சிறையில் வாடும் திருநர்களைப் பற்றிப் பேச மேடையேறிய சில்வியாவைக் கூட்டம் கூச்சலிட்டு எதிர்த்தது. மார்ஷாவும் சில்வியாவும் காட்டிய அன்பில் குறை ஏதுமில்லை. அன்புக்குப் பின்னால் பணமோ, முறை வைத்துப் பாரத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடோ இல்லை. தாய் என்று அழைக்கப்படுபவர் களைத்துப்போவதை யாரும் கவனிப்பதில்லை. எனவே உங்கள் மூத்தவர்கள் ஊதியம் கேட்பதைப் பேராசையாகப் பார்க்க வேண்டாம் என்று இளையவர்களுக்குச் சொல்லுங்கள்.

வடக்குச் சாளரம் எழுதியது:

மேலே யாரும் தொடாத ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன்: தலைமையில் இருந்தவர் இல்லாமற்போனால் வேலை என்ன ஆகும் என்பது. கறுப்பின தன்பால் ஈர்ப்புள்ள ஆண் எழுத்தாளர்களுக்கு 1980களும் 1990களும் இந்தக் கேள்வியை இரக்கமின்றி எழுப்பின. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோசப் பீம், அவர்களுடைய எழுத்துகளை 1986இல் ஒரே நூலாகத் தொகுத்து வெளியிட்டார்; இரண்டாம் தொகுப்புக்கான வேலை பாதியில் இருக்கும்போதே 1988இல் எய்ட்ஸால் இறந்தார். அவருடைய தாய் டோரத்தி பீமும் கவிஞர் எசெக்ஸ் ஹெம்ப்ஹிலும் சேர்ந்து அந்தத் தொகுப்பை 1991இல் முடித்து வெளியிட்டார்கள். மகன் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளை ஒரு தாயும் ஒரு நண்பரும் பொறுப்பேற்று முடித்த அந்தச் செயலை, பதவி எதுவும் இல்லாத தலைமையின் மிக உயர்ந்த வடிவமாக நான் கருதுகிறேன். ஹெம்ப்ஹிலும் 1995இல் எய்ட்ஸால் மறைந்தார். பீமின் தாள்கள் இன்று ஹார்லெமின் ஷோம்பர்க் ஆய்வு மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இவர்களுடைய காலத்தவரான ஹைட்டியக் கவிஞர் அசோட்டோ செயின்ட், 1992இல் சக கவிஞர் டொனால்ட் உட்ஸின் இறுதிச் சடங்கில், இறப்பின் காரணம் மறைக்கப்படுவதைப் பொறுக்காமல் எழுந்து நின்று, அவர் எய்ட்ஸால் இறந்தார் என்று சபையறியச் சொன்னார். அதைச் செய்ய யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

உங்கள் குழு இன்றே செய்யக்கூடியது இது: சிற்றிதழின் எல்லா இதழ்களிலும் இரு படிகளையாவது ஒருவர் வீட்டில் வைக்காமல் நூலகமொன்றில் ஒப்படையுங்கள். கடவுச்சொற்கள், தொடர்பு விவரங்கள், உதவி கேட்டு வருபவரை யாரிடம் அனுப்புவது என்ற அறிவு ஆகியவை குறைந்தது மூவரிடம் இருக்கட்டும்.

கணக்குப் புத்தகம் எழுதியது:

நான் இத்தகைய குழுக்களின் நிதிப் பொறுப்பைக் கவனித்து வருபவன் என்பதால் நிபந்தனைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அமெரிக்கச் சட்டத்தில் 501(சி)(3) என்னும் வரிவிலக்குத் தொண்டு நிறுவனத் தகுதி பெறும் நிறுவனம் பொதுவாக இயக்குநர் அவையைக் கொண்டிருக்க வேண்டும்; ஆனால் ஊதியம் பெறும் செயல் இயக்குநர் ஒரே ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. அது பெரும்பாலும் நிதி தருபவரின் பழக்கம் மட்டுமே. இணை இயக்குநர்கள் இருவரின் பெயரைத் தரலாமா என்று முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். உங்களுக்கு அந்தத் தகுதியே இல்லையென்றால், தகுதியுள்ள வேறோர் அமைப்பு உங்கள் சார்பில் பணத்தைப் பெற்று, ஒரு விழுக்காட்டைக் கழித்துக்கொண்டு தரும் ஏற்பாடு உண்டு. சிறு குழுக்கள் பலவும் அப்படித்தான் இயங்குகின்றன. யாருடைய குடையின் கீழ் போகிறீர்கள் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஆவணத்தில் உள்ள பெயரும் உழைப்பவர் பெயரும் வேறாக இருப்பது புதிதன்று. கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக நடந்த 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் பேரணியை இரண்டு மாத அளவிலான காலத்தில் ஒழுங்குபடுத்தியவர் பேயார்ட் ரஸ்டின். அவர் தன்பால் ஈர்ப்புள்ளவர் என்பது எதிரிகளுக்கு ஆயுதமாகும் என்று அஞ்சியதால், தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் இயக்குநராகவும் ரஸ்டின் துணை இயக்குநராகவும் அறிவிக்கப்பட்டார்கள். செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் எப்படியும் அவையிலேயே ரஸ்டினைத் தாக்கிப் பேசினார். ராண்டால்ஃப் அவரைக் கைவிடவில்லை. (ரஸ்டின் இளமையில் நியூயார்க்கில் தொழில்முறைப் பாடகராக இருந்தவர் என்பதையும் உங்கள் கவிஞர்களிடம் சொல்லுங்கள்.) ஆகவே படிவத்தில் ஒரு பெயர் இருப்பதே ஆபத்து என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் தனித்து என்னென்ன முடிவெடுக்கலாம், எவற்றைக் குழுவிடம் கொண்டுவர வேண்டும், எத்தனை காலத்துக்குப் பின் விலக வேண்டும் என்பவை எழுதப்படாமல் இருப்பதுதான் ஆபத்து. தலைவரே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுக்களிலும் ஒருவர் தலைவராகத்தான் இருக்கிறார். எழுதப்படாத காரணத்தால் அவரைக் கேள்வி கேட்க முடிவதில்லை.

கணக்கைப் பிரிப்பது வேறு, வேலையைப் பிரிப்பது வேறு. முதலாவதைச் செய்யலாம், இரண்டாவதற்கு உடன்பட வேண்டாம். ஒரே நிதியை மட்டும் நம்பவும் வேண்டாம். வெள்ளையரல்லாத பெண்களின் வன்முறை எதிர்ப்பு அமைப்பான இன்சைட்டுக்கு 2004இல் ஃபோர்டு அறக்கட்டளை தருவதாகச் சொன்ன 1 லட்சம் டாலர், பாலஸ்தீன மக்களுக்கு அவர்கள் காட்டிய ஆதரவைக் காரணமாக்கித் திரும்பப் பெறப்பட்டது. சிறு நன்கொடைகளைத் திரட்டியே அவர்கள் பணியைத் தொடர்ந்தார்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. இணை இயக்குநர்கள் இருவர், அவர்களுக்குக் காலவரையறை, ஊதியம் ஆகியவற்றை எழுத்தில் வைத்து அடுத்த கூட்டத்தில் முன்மொழிவேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. உதவி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை அறக்கட்டளை கேட்டால் என்ன செய்வது? எங்களிடம் வருபவர்களில் குடியுரிமை ஆவணம் இல்லாதவர்களும், வீட்டில் தம்மைப் பற்றிச் சொல்லாதவர்களும் உண்டு.

கணக்குப் புத்தகம் எழுதியது:

பெயர்களைக் கொடுக்க வேண்டாம். எண்ணிக்கையையும் உதவியின் வகையையும் மட்டும் தருவோம் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பணம் உங்களுக்கு வேண்டாம். உங்கள் பக்கத்திலும் அத்தகைய பட்டியல் எதுவும் கணினியில் இருக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சிற்றிதழில் புனைபெயரில் எழுதுபவரின் உண்மைப் பெயரும் அந்த வரிசையில் சேர்ந்ததே.