புகைக்குழாயில் 16.1, ஸ்கேனரில் எல்லாம் சரி: கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள காரில் எதை நம்புவது?

கேட்டவர்:
வணக்கம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றின் காற்று–எரிபொருள் விகிதத்தை அளக்க, வைட்பேண்ட் சென்சாரும் (புகையிலிருந்து அந்த விகிதத்தை அறியும் ஆக்ஸிஜன் சென்சார்) மீட்டரும் வாங்கினேன். புகையின் நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றவோ குழாயில் துளையிடவோ மனமில்லாததால், சென்சாரை ஒரு கிளாம்பில் பொருத்திப் புகைக்குழாயின் வாய்க்குள் ஏறத்தாழ 15 செ.மீ. ஆழத்தில் வைத்திருக்கிறேன். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் ஐட்லிங்கில் மீட்டர் 16.1 காட்டுகிறது (பெட்ரோலுக்குச் சமநிலையான விகிதம் 14.7), முள் நிலையாகவும் நிற்பதில்லை. 2500 ஆர்.பி.எம்.-இல் அது 14.8-க்கு வந்து அமைதியாகிவிடுகிறது. மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் இரண்டு விநாடி 14.7-லேயே நின்றுவிட்டு, பிறகுதான் 12.6-க்கு இறங்குகிறது. எஞ்சின் கணினியின் தரவைக் காட்டும் ஸ்கேனரிலோ நீண்டகால எரிபொருள் ட்ரிம் (கலவையைச் சரிப்படுத்த அந்தக் கணினி எரிபொருளைக் கூட்டும் அல்லது குறைக்கும் அளவு) +2 சதவீதம்தான். முன் ஆக்ஸிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.8 வோல்ட்டுக்கும் இடையே ஒழுங்காக ஏறி இறங்குகிறது. எஞ்சினில் நடுக்கமோ தடுமாற்றமோ இல்லை. கன்வெர்ட்டர்தான் அளவைக் கெடுக்கிறதா, அல்லது எஞ்சின் உண்மையிலேயே லீனாக (காற்று மிகுந்து, எரிபொருள் குறைந்து) ஓடுகிறதா?

மறுமொழி 1:
கன்வெர்ட்டருக்குப் பின்னால் அளப்பதில் பொருளே இல்லை. கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் அது எரித்துத் தீர்த்துவிடுவதால், எஞ்சினிலிருந்து என்ன வந்தது என்பதற்கான தடயமே அங்கு மிஞ்சாது. கன்வெர்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்னது பாதி உண்மை. கார்புரேட்டர் காலத்தில் கார்பன் மோனாக்சைடின் அளவை மட்டும் பார்த்துக் கலவையைச் சரிசெய்து பழகிய என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஐயம் எழுவது இயல்புதான். அந்த ஒற்றை வாயுவைக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் அளந்தால் பயனில்லை என்பதும் சரியே. ஆனால் கன்வெர்ட்டர் அணுக்களைப் படைப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. அது செய்வதெல்லாம், ஓரிடத்தில் மிஞ்சிய ஆக்ஸிஜனை இன்னோரிடத்தில் எரியாமல் நின்ற கார்பனோடும் ஹைட்ரஜனோடும் சேர்த்துவைப்பதுதான். ஆகவே உள்ளே போன மொத்த ஆக்ஸிஜனுக்கும் மொத்த எரிபொருளுக்கும் உள்ள விகிதம், வேகமும் சுமையும் மாறாத நிலையில், முன்னும் பின்னும் ஒன்றே. கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், ஆக்ஸிஜன் ஆகிய நான்கையும் அளந்து லாம்டாவைக் (உண்மையான காற்று–எரிபொருள் விகிதத்தைச் சமநிலை விகிதத்தால் வகுத்த எண்; 1 என்றால் சமநிலை) கணக்கிடும் பிரெட்ஷ்னைடர் சமன்பாடு, கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளுக்கும் பொருந்துவது இதனால்தான்.

உங்கள் 16.1-க்குக் காரணம் கன்வெர்ட்டர் அன்று, வெளிக்காற்று என்றே கருதுகிறேன். ஐட்லிங்கில் புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. ஒவ்வொரு துடிப்பின் இடைவெளியிலும் குழாயின் வாய் சிறிது காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 15 செ.மீ. ஆழம் அதற்கு எம்மாத்திரம்! 16.1-ஐ 14.7-ஆல் வகுத்தால் லாம்டா ஏறத்தாழ 1.1 வருகிறது, புகையோடு பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வெளிக்காற்று கலந்தாலே இந்த எண் வந்துவிடும். 2500-இல் புகையின் ஓட்டம் வலுப்பதால் அந்தக் கலப்படம் குறைந்து, எண்ணும் இறங்கிவிடுகிறது.

எஞ்சின் லீன் இல்லை என்பதற்கு உங்கள் ஸ்கேனரே சாட்சி சொல்கிறது. முன் சென்சாருக்கு முன்னால் எங்காவது கசிவு இருந்து காற்று புகுந்தால், அந்தச் சென்சார் ஏமாந்து, எஞ்சின் கணினியான இ.சி.யு. எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போயிருக்கும். ட்ரிம் +2-இல் நின்றிருக்காது. ஆகவே காற்று புகும் இடம் முன் சென்சாருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். சென்சாரை இரண்டடி ஆழத்துக்குத் தள்ளுங்கள், அல்லது வாயில் ஒரு நீட்டுக்குழாயைக் காற்றுப்புகாமல் இணைத்துப் பாருங்கள். சைலன்சர் இணைப்புகளில் கசிவைக் காட்டும் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்றும் ஒரு முறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அந்த இரண்டு விநாடித் தாமதத்தை எப்படிப் புரிந்துகொள்வது? அதுவும் காற்றுதானா?

மறுமொழி 3:
அங்கேதான் கன்வெர்ட்டர் உண்மையிலேயே குறுக்கே நிற்கிறது. அதன் உட்பூச்சில் உள்ள சீரியம் ஆக்சைடு, கலவை லீனாக இருக்கும்போது ஆக்ஸிஜனைச் சேமித்து, ரிச்சாகும்போது (எரிபொருள் மிகும்போது) விட்டுக்கொடுக்கும் தன்மையுடையது. நீங்கள் ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் எஞ்சின் ரிச்சாகிவிட்டது. ஆனால் அந்தச் சேமிப்புத் தீரும்வரை வெளியே வரும் புகை சமநிலையில் இருப்பதுபோலவே தோன்றும். மேட்டுக்கு முன் இறக்கத்தில் காலை எடுத்து வந்திருந்தால் எரிபொருள் நிறுத்தப்பட்டு வெறுங்காற்றே ஓடியிருக்கும். சேமிப்பு நிரம்பி, தாமதம் இன்னும் நீளும். 12.6 என்று இறங்கி நின்ற எண்ணை நம்பலாம், அது தோன்றிய நேரத்தை நம்ப வேண்டாம். முழு ஆக்சிலரேட்டரில் ஆர்.பி.எம். ஏறிக்கொண்டே போகும்போது எந்த ஆர்.பி.எம்.-இல் எவ்வளவு என்று பட்டியல் எடுப்பவருக்குக் கன்வெர்ட்டருக்கு முன்னால் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குக் கன்வெர்ட்டரைக் கழற்ற வேண்டாம். அதற்கு முன்னுள்ள குழாயில் 18 மி.மீ. திருகு இருக்கை ஒன்றைப் பற்றவைத்தால் போதும். சென்சாரின் முனை கீழ்நோக்கியபடி, கிடைமட்டத்துக்கு மேல் குறைந்தது 10 பாகை சாய்வில் பொருத்துங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த எஞ்சினில் சேரும் நீர்த்துளி, சூடான பீங்கானை வெடிக்கச் செய்துவிடும்.

இன்னொன்று: மீட்டரை லாம்டாவில் காட்டும்படி மாற்றிவிடுங்கள். சென்சார் அறிவது லாம்டாவை மட்டுமே. மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 14.1-ஐ ஒட்டி இருந்தாலும், மீட்டர் 14.7 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

கேட்டவர்:
நீட்டுக்குழாய் இணைத்ததும் ஐட்லிங்கில் லாம்டா 1.02-க்கு வந்தது. மீதிக்காக வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது, கன்வெர்ட்டருக்கும் சைலன்சருக்கும் இடையிலுள்ள ஃபிளாஞ்சில் விரல் நகம் அளவுக்குக் கரிக்கோடு தெரிந்தது. கேஸ்கட்டின் ஒரு விளிம்பு அரித்துப்போயிருந்தது. புதியது போட்டபின் 1.00-இல் நிற்கிறது. முன்குழாயில் திருகு இருக்கையும் பற்றவைத்தாயிற்று. அதே மேட்டில் இப்போது ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடனேயே மீட்டர் 0.86-க்கு இறங்குகிறது, பழைய 12.6-ம் கணக்குப்படி அதுவே.